கெம்பேர்: ஊர்ப் பெயர்களில் ஒளிந்திருக்கும் மொழி

சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் உள்ள ரொட்டிக்கடைகள் சிலவற்றில் 'குயின் அமான்' என்ற பலகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். மேலே சர்க்கரை உருகி மொறுமொறுவென்று இருக்கும். உள்ளே அடுக்கடுக்காக வெண்ணெய் ஊறியிருக்கும். பெயரைக் கேட்டதும் ஏதோ ஓர் அரசியின் நினைவாக வைத்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் 'குயின்' என்றால் கேக், 'அமான்' என்றால் வெண்ணெய். அவை ஆங்கிலமும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. பிரான்சின் மேற்குக் கோடியில் உள்ள பிரிட்டனி வட்டாரத்தின் சொந்த மொழியான பிரெட்டன் மொழிச் சொற்கள்.

பரிமாற்றத் திட்டத்தில் ஐரோப்பா செல்லும் நம் மாணவர்கள் பலரும் வார இறுதிகளில் பாரிஸ், ரோம், ஆம்ஸ்டர்டாம் என்று ஓடுகிறார்கள். அந்தப் பட்டியலில் சேர்க்கவேண்டிய ஊர் கெம்பேர். பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயிலில் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். ஈஃபில் கோபுரம் போல் படமெடுத்துப் பகிர இங்கு ஒன்றும் இல்லை. ஆனால், ஐந்தாறு சொற்களை மட்டும் தெரிந்துகொண்டு போனால் ஊரே வாசிக்கத்தக்க புத்தகமாகிவிடும்.

முதல் சொல் ஊரின் பெயரேதான். பிரெட்டனில் 'கெம்பேர்' என்றால் ஆறுகள் கூடும் இடம். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் எழுந்த ஊருக்குக் கோலாலம்பூர் என்று பெயர் வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரர்களின் 'குவாலா'தான் பிரெட்டன்காரர்களின் 'கெம்பேர்'. இங்கே கூடுபவை ஓடே ஆறும் ஸ்தெயிர் ஆறும். ஜெட் என்ற மூன்றாவது சிற்றாறு சற்றுக் கிழக்கே ஓடேயில் கலக்கிறது.

ரயில் நிலையத்திலிருந்து ஓடே ஆற்றங்கரையோடு நடந்தாலே பழைய நகருக்கு வந்துவிடலாம். ஆறு அகலமானதன்று. பூந்தொட்டிகள் வைத்த சிறு நடைபாலங்கள் வரிசையாக அதன் குறுக்கே நிற்கின்றன. எதிர்க்கரையில் மரங்கள் அடர்ந்த ஃப்ருகி குன்று. கடல் ஏற்றம் ஊர் வரைக்கும் எட்டுவதால் ஆற்று நீரின் மட்டம் நேரத்துக்கு நேரம் மாறும்.

இடைக்காலத்தில் மதிலுக்குள் இருந்த நகரம் ஆயருக்குச் சொந்தம். ஸ்தெயிர் ஆற்றுக்கு அப்பால் இருந்தது பிரிட்டனிக் கோமகனின் நிலம். சிறு பாலம் ஒன்றைக் கடந்தால் ஆட்சியாளரே மாறிவிடுவார். அந்தப் பகுதிக்கு இன்றும் 'கோமகன் நிலம்' என்றே பெயர். இரண்டுக்கும் இடையே செல்வது கெரெயோன் வீதி. மரச்சட்டங்களுக்கு இடையே சாந்து பூசிய பழைய வீடுகள், மேல்மாடி கீழ்மாடியைவிட முன்னே துருத்திக்கொண்டு, வீதியின் இருபுறமும் நிற்கின்றன. 'கெரெயோன்' என்றால் செருப்புத் தைப்பவர்கள். இப்போது துணிக்கடைகளும் இனிப்புக் கடைகளும் இருக்கும் அந்த வீதியில் யார் வாழ்ந்தார்கள் என்பதைப் பெயர் மறக்கவில்லை.

வளைந்த தேவாலயமும் கல் அரசனும்

வீதியின் முடிவில் புனித கொரண்டான் பேராலயம். 1239ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கினார்கள். உள்ளே போய் வாசலில் நின்று நேராகப் பாருங்கள். பீடம் நேர்க்கோட்டில் இராது. கட்டடமே நடுவில் இடப்பக்கமாக வளைந்திருக்கும். ஆற்றோரச் சதுப்பு நிலத்தைத் தவிர்க்கத்தான் வளைத்தார்கள் என்பது ஒரு விளக்கம். இரட்டைக் கூர்கோபுரங்கள் மிகவும் பிந்தியவை. மறைமாவட்டத்து மக்கள் ஆண்டுக்கு ஒரு சூ என்ற செப்புக்காசு கணக்கில் கொடுத்த பணத்தைக் கொண்டு 1850களில் எழுப்பப்பட்டவை.

அவ்விரு கோபுரங்களுக்கும் நடுவே குதிரைமேல் ஒரு கல் அரசன் உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயர் கிராட்லோன். பிரெஞ்சுப் புரட்சியின்போது பழைய சிலையை உடைத்துவிட்டார்கள். இப்போது இருப்பது 19ஆம் நூற்றாண்டில் வைத்தது. கதைப்படி, கடல்மட்டத்துக்குக் கீழே மதில் கட்டி வாழ்ந்த 'ஈஸ்' என்ற நகரத்தின் அரசன் அவன். மகள் தாஹுட்டின் செயலால் ஓர் இரவு கடற்கதவு திறந்துகொள்ள, நகரம் மூழ்கியது. குதிரையில் தப்பிய அரசன் கெம்பேருக்கு வந்து அதைத் தன் தலைநகராக்கினான். எல்லாப் பழியையும் மகள்மேல் போட்டுவிட்டு அப்பாவுக்குச் சிலை வைத்த கதை என்று இன்று படிக்கும்போது தோன்றுவதைத் தவிர்க்க முடியவில்லை. இந்தக் கதையின் கடல் எங்கே இருக்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

பேராலயத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் இன்னொரு சிலை. மருத்துவம் படிக்க விரும்புவோர் கொஞ்ச நேரம் நிற்கவேண்டிய இடம். 1781இல் இவ்வூரில் பிறந்த ரெனே லாயெனெக்தான் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர். 1816ஆம் ஆண்டு பாரிசில், இதய நோய் அறிகுறிகளுடன் வந்த ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தை இறுகச் சுருட்டிக் குழலாக்கி ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். நேராகக் கேட்பதைவிடத் தெளிவாக ஒலி வந்தது. பிறகு மரக்குழல் செய்து, நுரையீரல் ஒலி ஒவ்வொன்றையும் நோயோடு பொருத்தி 1819இல் நூலாக வெளியிட்டார். காசநோயாளிகளின் மூச்சைக் கேட்டுக் கேட்டு ஆராய்ந்தவர், அதே காசநோயால் 1826இல், 45ஆவது வயதில், சொந்த ஊர்ப் பக்கமே வந்து இறந்தார்.

பசி எடுத்தால் பக்கத்திலுள்ள வெண்ணெய்ச் சதுக்கத்துக்குப் போகலாம். முன்பு வெண்ணெய் விற்ற இடம், இப்போது கிரெப் கடைகளின் இடம். வட்டமான இரும்புக் கல்லில் மாவை ஊற்றி, கரண்டிக்குப் பதில் சிறிய மரக்கோலால் சுழற்றிப் பரப்புகிறார்கள். பார்த்தவுடன் வீட்டு ஞாபகம் வரும். சைவ உணவுக்காரர்களும் முஸ்லிம் நண்பர்களும் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது: கல்லில் பன்றிக்கொழுப்பு தடவுவது இங்கே பழைய வழக்கம்.

'ஐந்து ரெயால்'

கெம்பேரிலிருந்து வடமேற்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் டுவார்னெனே. பேருந்திலேயே போகலாம். 'டுவார்' என்றால் நிலம், 'எனெஸ்' என்றால் தீவு. தீவின் நிலம். கடல் வற்றும்போது நடந்தே போகக்கூடிய சின்னத் தீவு ஒன்று ஊருக்கு எதிரே இருக்கிறது. கிராட்லோனின் நகரம் மூழ்கியதாகச் சொல்லப்படுவது இந்த விரிகுடாவில்தான். லாயெனெக்கின் கல்லறை இருப்பதும் இவ்வூரில்தான். குயின் அமான் பிறந்ததும் இங்கேதான்.

ஆனால், டுவார்னெனேயின் பெருங்கதை மத்தி மீனுடையது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இங்கே மத்தியை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் பெருகின. ஆண்கள் கடலுக்குப் போனார்கள், பெண்கள் ஆலைக்குப் போனார்கள். பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகளும் வேலை செய்தார்கள். படகு எப்போது வருகிறதோ அப்போது வேலை, பகலானாலும் நள்ளிரவானாலும். மீன் கெடுவதற்குள் முடித்தாகவேண்டும். தூக்கம் வராமலிருக்கப் பாடிக்கொண்டே தலை கிள்ளி, பொரித்து, அடுக்கினார்கள். அவர்களுக்கு ஊர் வைத்த பெயர் 'பென் சார்தின்', மத்தித் தலை.

1924ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் சில நாள்களில் ஊரின் எல்லா ஆலைகளுக்கும் பரவியது. அப்போது அவர்களுக்கு மணிக்கு 80 சாந்திம் கூலி. கேட்டது ஒரு ஃபிராங்க் 25 சாந்திம். தெருக்களில் அவர்கள் எழுப்பிய முழக்கம் 'பெம்ப் ரெயால் அ வோ'. பிரெட்டன்காரர்கள் 25 சாந்திமை ஒரு 'ரெயால்' என்று எண்ணினார்கள். ஐந்து ரெயால் கிடைத்தே தீரும் என்பது முழக்கத்தின் பொருள். முதலாளிகளின் கணக்குப் புத்தகங்கள் பிரெஞ்சில், தொழிலாளர்களின் கோரிக்கை பிரெட்டனில்.

ஊரின் கம்யூனிஸ்ட் மேயர் தானியல் லெ ஃப்ளான்செக் அவர்கள் பக்கம் நின்றார். 1925 புத்தாண்டு நாளன்று, வேலைநிறுத்தத்தை உடைக்க வெளியூரிலிருந்து வந்தவர்கள் அவரைச் சுட்டுக் காயப்படுத்தினார்கள். நாடே கொதித்தது. சில நாள்களில் முதலாளிகள் இறங்கிவந்தார்கள். கேட்ட ஐந்து ரெயால் கிடைக்கவில்லை. மணிக்கு ஒரு ஃபிராங்கும் இரவு வேலைக்கும் கூடுதல் நேரத்துக்கும் தனிக் கூலியும் கிடைத்தன.

அந்த ஆண்டு மே மாத நகர்மன்றத் தேர்தலில், வேலைநிறுத்தத்தில் பங்கேற்ற ஜோசஃபின் பென்காலெ என்ற கைம்பெண்ணைக் கட்சி வேட்பாளராக நிறுத்தியது. அவர் வென்றார். ஆனால், பிரான்சில் பெண்களுக்கு வாக்களிக்கும் உரிமையே இல்லாத காலம் அது. அவரது வெற்றி செல்லாது என்று அதே ஆண்டில் தீர்ப்பானது. அவர் மறுபடியும் மத்தி ஆலைக்கே திரும்பினார். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1944இல்.

கழுத்தில் தொங்கிய மரக்கட்டை

நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிலாளர் போராட்டத்தையே நடத்திய மொழி இன்று டுவார்னெனே மீன்சந்தையில் உங்கள் காதில் விழுவது அரிது. சாலைப் பலகைகளில் இரு மொழியும் இருக்கின்றன. தெருவில் கேட்பது பிரெஞ்சு.

ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளில் இன்றைய இங்கிலாந்தின் தென்மேற்கிலிருந்தும் வேல்சிலிருந்தும் கடல் கடந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த மொழி இது. வெல்ஷ் மொழிக்கு உறவு, பிரெஞ்சுக்கு அன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டாயக் கல்வி வந்தபோது பள்ளிகளில் பிரெட்டன் தடுக்கப்பட்டது. பேசிப் பிடிபட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையையோ பழைய மரச்செருப்பையோ தொங்கவிடுவார்கள். பிரெட்டன் பேசும் இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால்தான் அதைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்ட முடியும். மொழியைத் தடுத்ததைவிட, பிள்ளைகளையே ஒருவருக்கொருவர் ஒற்றராக்கிய தந்திரம்தான் எனக்குக் கொடுமையாகப் படுகிறது. கெம்பேருக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் 1914இல் பிறந்த பியேர்-ஜாகெஸ் ஏலியாஸ் தம் இளமைக்கால நினைவுகளை எழுதிய 'பெருமிதக் குதிரை' 1975இல் வெளிவந்து பிரான்ஸ் முழுவதும் விற்றுத்தீர்ந்தது.

அந்தத் தண்டனையை அனுபவித்தவர்கள் பெற்றோரானபோது, தங்களுக்குள் பிரெட்டனிலும் பிள்ளைகளிடம் பிரெஞ்சிலும் பேசத் தொடங்கினார்கள். பிள்ளைகளின் நன்மைக்காகத்தான். வீட்டில் பெரியவர்கள் தமிழிலும் நம்மிடம் ஆங்கிலத்திலும் பேசக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1950 வாக்கில் ஏறத்தாழ ஒரு மில்லியன் பேர் பேசிய மொழியை 2018 கணக்கெடுப்பில் 200,000க்குச் சற்று மேற்பட்டோர் பேசினார்கள். 2024இல் அந்த எண்ணிக்கை 107,000.

இது பழங்கதை மட்டுமன்று. 2017இல் ஒரு குழந்தைக்கு வைத்த பிரெட்டன் பெயரில், ஓர் எழுத்தின் தலைமேல் வரும் சிறு அலைக்கோட்டைப் பிறப்புப் பதிவில் அனுமதிக்க முடியாது என்று கெம்பேர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் ரென் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. ஒரு கோட்டுக்காகப் பெற்றோர் ஒன்றரை ஆண்டு அலைந்தார்கள். அடையாள அட்டையில் தன் பெயரின் 'ழ' என்ன ஆனது என்று பார்த்திருக்கும் எவருக்கும் அந்தக் கோட்டின் எடை புரியும்.

மறுபக்கமும் உண்டு. 1977இல் பெற்றோர் சிலர் சேர்ந்து, எல்லாப் பாடங்களையும் பிரெட்டனிலேயே கற்பிக்கும் 'டிவான்' பள்ளியைத் தொடங்கினார்கள். டிவான் என்றால் முளை. இன்று பாலர் வகுப்பிலிருந்து மேல்நிலை வரை அப்பள்ளிகள் உள்ளன. கெம்பேரிலும் ஒன்று உண்டு. 2021 மே மாதம் இம்முறைக் கல்வி அரசமைப்புக்கு முரணானது என்று பிரான்சின் அரசமைப்பு மன்றம் கூறியதும், கெங்கான் என்ற சிறு நகரில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். பள்ளிகள் இன்னும் நடக்கின்றன.

எப்போது போகலாம்?

மொழியைக் காதால் கேட்க வேண்டுமானால் ஜூலை. 1923 முதல் வேர்கொண்ட கோர்னுவாய் விழாவில் பாட்டும் குழலிசையும் கெம்பேர் தெருக்களை நிறைக்கும். தங்குமிடத்தை மட்டும் வெகு முன்னதாகப் பதிவு செய்யுங்கள். கோடையில் ஓடே ஆற்றில் படகேறி, காட்டுக்கரைகளைப் பார்த்தபடி கடல்வாயிலுள்ள பெனோடே வரை செல்லலாம். ஆற்றின் பெயர் அதற்குள்ளேயே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மேற்கே ராஸ் முனைக்குப் போக ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஏறத்தாழ எழுபது மீட்டர் உயரப் பாறை, அதற்குக் கீழே அட்லாண்டிக். வெயில் அடித்தாலும் காற்றைத் தாங்கும் மேலாடை கட்டாயம்.

திரும்பும் பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநரிடம் 'கெனாவோ' என்று சொல்லிப் பாருங்கள். போய் வருகிறேன் என்று பொருள். பிரெட்டனில் வேறொன்றும் தெரியாதவர்களும் அங்கே அந்த ஒரு சொல்லைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.