மரம் வெட்டவும் ஒரு லைசென்ஸ்!

சுவீடன் நாட்டில் மோட்டார் ரம்பம் பிடிக்கப் பள்ளிக்கூடம்

கார் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். லாரி ஓட்ட லைசென்ஸ் வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும்.

மரம் வெட்டுகிற ஆளுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்றால்?

"இது என்ன வேடிக்கை!" என்று சிரிப்பீர்கள்.

சுவீடன் நாட்டில் இது வேடிக்கை அல்ல. சட்டம்! தொழிலாக மோட்டார் ரம்பம் பிடிக்கிறவர் யாராக இருந்தாலும், அந்த வேலையைப் படித்திருக்க வேண்டும். பரீட்சை எழுதித் தேறியிருக்க வேண்டும். 2015-ம் ஆண்டு இறுதியில் இருந்து இந்தக் கட்டாயம் அமலில் இருக்கிறது. அந்தச் சான்றிதழுக்கு அங்கே ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? "மோட்டார் ரம்ப டிரைவிங் லைசென்ஸ்"!

காடு நிறைந்த நாடு

சுவீடன், ஐரோப்பாவின் வடக்கே இருக்கும் குளிர் நாடு. நாட்டின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காடு. ஸ்ப்ரூஸ், பைன், பிர்ச் என்ற மரங்கள் வானத்தைத் தொடுவதுபோல் வளர்ந்து நிற்கும். பலகை, காகிதம், வீடு கட்டும் சட்டம் எல்லாம் அந்தக் காட்டில் இருந்து வருகின்றன.

அந்தக் காட்டில் ஏறக்குறைய பாதி, தனிப்பட்ட குடும்பங்களுக்குச் சொந்தம். நம் ஊரில் தாத்தா வயலை விட்டுச் செல்வார். அங்கே தாத்தா காட்டை விட்டுச் செல்வார்! இப்படிக் காடு வைத்திருப்பவர்களில் ஐந்தில் இரண்டு பங்குப் பேர் பெண்கள். ஆகவே அம்மாமார்களும் ரம்பம் பிடிக்கப் படிக்கிறார்கள்.

பெரிய காடுகளில் இப்போது ராட்சத மெஷின்களே மரத்தைப் பிடித்து, அறுத்து, கிளை கழித்துப் போட்டுவிடுகின்றன. ஆனால் சின்னக் காட்டிலும், மெஷினுக்குள் அடங்காத பருத்த மரத்திலும் மனிதன்தான் வேலை செய்கிறான். அவன் கையில் இருப்பது மோட்டார் ரம்பம்.

புழு சொல்லிக்கொடுத்த பாடம்

இந்த ரம்பத்தின் கதை வேடிக்கையானது.

முதன்முதலில் சங்கிலி ரம்பம் செய்தவர்கள் மரம் வெட்டுகிறவர்கள் அல்ல. டாக்டர்கள்! 1780-களில், ஸ்காட்லாந்து நாட்டு டாக்டர்கள் இரண்டு பேர் எலும்பை அறுப்பதற்காக, கையால் இழுக்கும் சின்னச் சங்கிலி ரம்பம் செய்தார்கள்.

ஜெர்மனியில் ஆந்திரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926-ம் ஆண்டு மின்சாரத்தில் ஓடும் ரம்பம் செய்தார். 1929-ல் பெட்ரோல் ரம்பம் வந்தது. அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்!

பிறகு 1946-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலம். ஜோசப் காக்ஸ் என்பவர் விறகு பிளந்துகொண்டு இருந்தார். ஒரு அடிக்கட்டையில் வண்டுப் புழுக்கள் நெளிந்தன. பச்சை மரமோ, காய்ந்த மரமோ, புழு லகுவாகத் தின்றுகொண்டே போனது. எப்படி என்று உற்றுப் பார்த்தார். புழு தன் வளைந்த தாடைகளால் ஒரு கடி இடது பக்கம், ஒரு கடி வலது பக்கம் என்று மாறி மாறிக் கடித்தது.

அதே மாதிரி சங்கிலியில் இடப் பல், வலப் பல் என்று மாற்றி மாற்றி வைத்தார் காக்ஸ். 1947-ல் விற்பனை தொடங்கினார். இன்றைக்கும் உலகம் முழுவதும் ஓடும் ரம்பச் சங்கிலிகளின் அமைப்பு அடிப்படையில் அதுதான்.

சுவீடனில் ஹஸ்க்வர்னா என்ற கம்பெனி இருக்கிறது. 1689-ம் ஆண்டு துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கியது. அது 1959-ம் ஆண்டு மோட்டார் ரம்பம் செய்ய ஆரம்பித்தது.

ஓர் இரவில் விழுந்த காடு

ரம்பம் பிடிக்கப் படிப்பு எதற்கு? 2005-ம் ஆண்டு அடித்த புயல் அதற்குப் பதில் சொன்னது.

ஜனவரி 8-ந் தேதி இரவு. தெற்கு சுவீடனை "குட்ருன்" என்ற புயல் தாக்கியது. விடிந்து பார்த்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மரங்கள் கோரைப் புல்போல் படுத்துக் கிடந்தன. விழுந்த மரம் சுமார் 7½ கோடி கன மீட்டர்! நாடு முழுவதும் ஓர் ஆண்டு வெட்டும் மரம், ஒரே இரவில் விழுந்துவிட்டது. லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் இல்லை.

விழுந்த மரத்தை அப்படியே விடவும் முடியாது. ஸ்ப்ரூஸ் மரப்பட்டைக்குள் வண்டு முட்டையிடும். பெருகினால் நிற்கிற மரத்தையும் கொன்றுவிடும். ஆகவே ஜனங்கள் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள்.

அங்கேதான் எமன் காத்திருந்தான். புயலில் செத்தவர்கள் போக, விழுந்த மரங்களை வெட்டப் போன இடத்திலும் பலர் உயிர் இழந்தார்கள்.

விழுந்த மரம் எப்படி ஆளைக் கொல்லும்? அது வளைத்த வில்லைப்போல் முறுக்கேறிக் கிடக்கும். தப்பான பக்கத்தில் அறுத்தால், படீர் என்று விடுபட்டு அடிக்கும். மரத்தோடு பிடுங்கி எழுந்த வேரும் மண்ணும் ஒரு சுவர்போல் நிற்கும். தண்டை அறுத்ததும், பாரம் நீங்கிய அந்தச் சுவர் சாய்ந்து ஆளை அமுக்கிவிடும்.

2018-ம் ஆண்டு கஜா புயலுக்குப் பிறகு நம் டெல்டா மாவட்டங்களிலும் சாலையை மறித்த மரங்களை மோட்டார் ரம்பத்தால்தான் அறுத்து அகற்றினார்கள். விழுந்த மரத்தின் முறுக்கு எந்த ஊரிலும் ஒன்றுதான்.

முதல் பாடம்: உடுப்பு

பள்ளிக்கூடத்தில் முதல் நாளே மரத்தைத் தொட விடமாட்டார்கள். முதல் பாடம், உடுப்பு!

தலையில் ஹெல்மெட். முகத்துக்கு வலை. காதுக்கு மூடி. காலில் இரும்பு முனை வைத்த பூட்ஸ். சட்டைப் பையில் காயத்துக்குக் கட்டும் துணி.

எல்லாவற்றிலும் அதிசயம் கால்சட்டைதான். அதற்குள் நீண்ட நூல் இழைகள் அடுக்கடுக்காக வைத்துத் தைத்திருக்கிறார்கள். ரம்பம் தவறிக் காலில் பட்டால், சங்கிலி இந்த இழைகளை இழுக்கும். இழைகள் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு சங்கிலியை நிறுத்திவிடும். வேகமாக ஓடும்போது சங்கிலி ஒரு விநாடியில் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது! அதை நூல் நிறுத்துகிறது.

இரண்டாவது பாடம், "உதை". ரம்பத்தின் நீண்ட தகட்டுக்கு ஒரு மூக்கு உண்டு. மூக்கின் மேல்பாதி மரத்தில் பட்டால், ரம்பம் கண் இமைக்கும் நேரத்தில் ஆளின் முகத்தை நோக்கித் துள்ளும். அதற்காகத்தான் சங்கிலிக்கு பிரேக் இருக்கிறது. ஆனால் பிரேக்கை நம்பி வேலை செய்யக் கூடாது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். இடது கைக் கட்டை விரல் கைப்பிடியைச் சுற்றி இறுக்கியிருக்க வேண்டும். தோளுக்கு மேலே ரம்பத்தைத் தூக்கி அறுக்கவே கூடாது.

மரத்தோடு பேசுங்கள்!

இப்போது மரத்தின் முன்னால் நிற்கிறோம். ரம்பம் தரையில் இருக்கிறது. முதலில் கண்தான் வேலை செய்ய வேண்டும்.

மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? கிளைகளின் பாரம் எந்தப் பக்கம்? காற்று எங்கிருந்து வருகிறது? உச்சியில் காய்ந்த கிளை தொங்குகிறதா? அடிமரம் உளுத்திருக்கிறதா? மின்சாரக் கம்பி இருக்கிறதா?

பிறகு, ஓடும் வழி. மரம் விழும் திசைக்கு நேர் பின்னாலும் ஓடக் கூடாது. பின்பக்கம் சாய்வாக விலகி ஓட வேண்டும். அந்த வழியில் செடி, கொடி, கல் எல்லாவற்றையும் முன்கூட்டியே அகற்ற வேண்டும்.

மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது. 25 மீட்டர் உயர மரம் என்றால், 50 மீட்டர் தள்ளித்தான் மற்றவர்கள் நிற்க வேண்டும்.

மூன்று வெட்டு, ஒரு கீல்

இனிதான் வித்தை. மரத்தை ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? ரம்பம் மாட்டிக்கொள்ளும். அல்லது மரம் நினைத்த பக்கம் விழும். அந்தப் பக்கம் நீங்கள் நின்றால், போச்சு!

ஆகவே மூன்று வெட்டு.

மரம் விழவேண்டிய பக்கத்தில், மேலிருந்து சாய்வாக ஒரு வெட்டு. அதன் அடியைத் தொடும்படி படுக்கையாக இன்னொரு வெட்டு. இரண்டும் சேர்ந்தால், தர்ப்பூசணியில் ஒரு துண்டு எடுத்ததுபோல் வாய் திறக்கும். இதன் ஆழம், மரத்தின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை. அவ்வளவுதான்.

மூன்றாவது வெட்டு பின்பக்கத்தில் இருந்து, முன்வெட்டின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே. இங்கேதான் ரகசியம்! பின்வெட்டு, முன்வெட்டைத் தொடக் கூடாது. நடுவில் ஒரு பட்டை மரம் வெட்டாமல் நிற்க வேண்டும்.

அந்தப் பட்டைதான் கீல். கதவுக்குக் கீல் எப்படியோ, விழுகிற மரத்துக்கு அது அப்படி. மரம் அந்தக் கீலில் மடங்கி, மெதுவாக, குறித்த திசையில் சாய்கிறது.

கீலின் கனம், மரத்தின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு. 30 சென்டி மீட்டர் மரத்துக்கு 3 சென்டி மீட்டர். ஏறக்குறைய இரண்டு விரல் கனம்! கனம் கூடினால் மரம் சாயாது. குறைந்தால் கீல் முறிந்து, மரம் மனம்போன பக்கம் விழும். ஒரு பக்கம் தடித்து மறு பக்கம் மெலிந்தால், தடித்த பக்கமாக மரம் இழுத்துக்கொண்டு போகும்.

டன் கணக்கில் எடையுள்ள மரம். அதை நடத்திச் செல்வது, வெட்டாமல் விட்ட இரண்டு விரல் கட்டை!

மரம் பின்னால் உட்கார்ந்துவிடாமல் இருக்க, பின்வெட்டில் ஆப்பு அடிக்கிறார்கள். மரம் அசையத் தொடங்கியதும் ரம்பத்தை நிறுத்தி, விலகி, மேலே பார்த்தபடி நிற்க வேண்டும். முறிந்த கிளைகள் கடைசியாகத்தான் விழும்.

கோபக்கார மரங்கள்

சில மரம் முன்பக்கமாக மிகவும் சாய்ந்திருக்கும். அதைப் பின்னாலிருந்து அறுத்தால், பாதி அறுக்கும் முன்பே தண்டு நெடுக்காகப் பிளந்து, அடித்துண்டு பின்னால் உதைக்கும். அதற்கு வேறு முறை. ரம்ப மூக்கைக் கீலுக்குப் பின்னால் தண்டுக்குள் பக்கவாட்டில் செலுத்தி, முதலில் கீலைச் சரிசெய்துகொள்கிறார்கள். பின்பக்கம் ஒரு பட்டையை விட்டுவைத்து, கடைசியில் அதை மட்டும் அறுக்கிறார்கள். சடாரென்று மரம் சாயும். வெட்டியவர் பத்திரம்.

வெட்டிய மரம் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொள்வதும் உண்டு. அதன் அடியில் போகக் கூடாது. தாங்கிய மரத்தை வெட்டக் கூடாது. கயிறும் சுழல் மெஷினும் கொண்டு இழுக்க வேண்டும். "சும்மா கிடக்கட்டும், நாளைக்குப் பார்ப்போம்" என்று விட்டுப் போனால், யாராவது அதன் கீழே நடந்து செல்லலாம் அல்லவா?

அடிக்கட்டையே மார்க்

படிப்பில் படிகள் உண்டு. முதலில் ரம்பத்தைப் பராமரிப்பது, கீழே கிடக்கும் கட்டையை அறுப்பது. அடுத்தது சாதாரண மரம் சாய்ப்பது. பிறகு கடினமான மரம். புயலில் விழுந்த மரத்துக்குத் தனிப் பாடம், தனிப் பரீட்சை!

எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை இரண்டும் உண்டு. மரம் சாய்ந்த பிறகு பரிசோதகர் அடிக்கட்டையைப் பார்ப்பார். கீல் எத்தனை கனம், இரண்டு பக்கமும் சமமா, வாய் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அதில் அச்சடித்ததுபோல் தெரியும். அடிக்கட்டையிடம் பொய் செல்லாது!

சுவீடனில் இன்னொரு சட்டமும் உண்டு. 1903-ம் ஆண்டிலேயே வந்தது. காட்டை வெட்டினால், அங்கே மறுபடியும் காடு வளர்க்க வேண்டும். இன்று மகன் சாய்க்கும் மரம், தாத்தா நட்டது. இன்று அவன் நடுவது, பேரன் வெட்டப்போவது.

அந்தப் பேரனைப் பார்க்க இவன் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் அல்லவா? ரம்பத்தைக் கடையில் வாங்கிவிடலாம். எதை வெட்டாமல் விடவேண்டும் என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.