மின்கேத்தல் வாங்க முன் சுவரைப் பாருங்கள்

வீட்டுக்கு ஒரு மின்கேத்தல் வாங்குவது பெரிய கொள்வனவு அல்ல. ஆனால் ஒரு நாளில் ஐந்தாறு தடவை பாவிக்கப்படும் பொருள் அது. தூக்கக் கலக்கத்தோடு ஸஹருக்கு எழும்பியவர் முதலில் கை வைப்பதும், வயதான உம்மாமார் தனியே நின்று பாவிப்பதும் இதைத்தான். எனவே இதில் விடும் தவறு பணத்தோடு மட்டும் முடிவதில்லை.

2022இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது, சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்தவர்கள் பலர் மின்கேத்தலுக்கு மாறினார்கள். எனது கடைக்கும் அவர்கள் வந்தார்கள். அன்றும் இன்றும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "நானா, கரண்ட் குறைய இழுக்கிற கேத்தல் எது?"

இந்தக் கேள்வியே பிழையான இடத்தில் ஆரம்பிக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவைப்படும் சூடு மாறாது. ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 0.1 யுனிட் செல்லும். அதாவது பத்து லீற்றருக்கு ஒரு யுனிட். 1500 வாட் கேத்தல் அதை நான்கு நிமிடத்தில் செய்யும், 2200 வாட் கேத்தல் இரண்டரை நிமிடத்தில் செய்யும். பில்லில் வித்தியாசம் இல்லை, நேரத்தில்தான் வித்தியாசம். பில்லைக் குறைக்க வேண்டுமானால் இரண்டு கோப்பை பிளேன்டிக்கு இரண்டு கோப்பைத் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். மிஞ்சும் சுடுதண்ணீரை ஆற விடாமல் பிளாஸ்கில் ஊற்றி வையுங்கள்.

அப்படியானால் வாட் அளவைப் பார்க்கவே வேண்டாமா? கட்டாயம் பார்க்க வேண்டும், ஆனால் பில்லுக்காக அல்ல, சுவருக்காக. எமது மின்சாரம் 230 வோல்ட். 1500 வாட் கேத்தல் ஆறரை அம்பியர் இழுக்கும். 2200 வாட் கேத்தல் ஒன்பதரை அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் இருக்கும் சிறிய வட்டத் துளை பிளக் பொயின்ட் 5 அம்பியருக்கு உரியது. அது தாங்குவது 1150 வாட் மாத்திரமே. ஆகவே சந்தையில் உள்ள சாதாரண கேத்தல் எதுவும் அதற்குப் பொருந்தாது.

ஆனால் நடப்பது என்ன? கேத்தலில் இருப்பது 13 அம்பியர் சதுர முள் பிளக். சுவரில் இருப்பது 5 அம்பியர் துளை. இடையில் ஒரு மலிவான அடெப்டரை மாட்டி விடுகிறார்கள். முதல் வாரம் ஒன்றும் நடக்காது. பிறகு அடெப்டர் சூடாகும், பிளாஸ்டிக் மஞ்சளாகும், ஒரு நாள் உருகும். ஒரு வாடிக்கையாளர் உருகிய அடெப்டரையும் கருகிய பிளக்கையும் பையில் போட்டுக் கொண்டு வந்து, "நீங்கள் தந்த கேத்தல் சரியில்லை" என்றார். கேத்தலை எங்கள் மேசையில் வைத்து ஓட விட்டுக் காட்டினேன். கேத்தலில் ஒரு குறையும் இல்லை. மூன்று பிள்ளைகள் தூங்கும் அறைக்குப் பக்கத்தில் அந்த அடெப்டர் உருகியிருக்கிறது. பகலில் நடந்ததால் தப்பினார்கள்.

13 அம்பியர் சதுர முள் பிளக் இப்போது எமது நாட்டின் தரமாக ஆக்கப்பட்டிருக்கிறது. எனவே கேத்தலுக்குச் செலவழிக்க முன், சமையலறையில் எர்த் உள்ள 13 அம்பியர் பொயின்ட் ஒன்றை ஒழுங்கான மின்வேலைக்காரரைக் கொண்டு பொருத்திக் கொள்ளுங்கள். பழைய பொயின்டின் மெல்லிய வயரிலேயே புதிய பொயின்டைக் கொளுவுவதில் பயனில்லை, தடித்த வயர் இழுக்க வேண்டும். வீட்டின் ட்ரிப் ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்பதை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தி மாதம் ஒரு முறை பாருங்கள். கேத்தலை எக்ஸ்டென்ஷன் கோட்டில் பிரிஜ்ஜோடும் ரைஸ் குக்கரோடும் சேர்த்துக் கொளுவ வேண்டாம்.

இனி கேத்தலைப் பார்ப்போம். பெட்டியில் உள்ள படத்தை விட்டுவிட்டு, அதன் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 220 முதல் 240 வோல்ட் என்று இருக்க வேண்டும். ஜப்பானில் இருந்து வரும் பாவித்த சாமான்கள் 100 வோல்டுக்குச் செய்யப்பட்டவை. அதை நேரடியாக எமது கரண்டில் கொளுவினால் அன்றே முடிந்தது. சவூதியில் பழைய வீடுகளில் 127 வோல்ட் இருந்ததால், அங்கிருந்து உறவினர் கொண்டு வரும் பழைய பொருளையும் பார்த்தே கொளுவுங்கள். வயரில் மூன்று கம்பி இருக்க வேண்டும், பருமன் 0.75 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. இரண்டு முள் மாத்திரம் உள்ள உலோகக் கேத்தலை எவ்வளவு மலிவென்றாலும் தொட வேண்டாம்.

அடுத்தது தானாக நிற்கும் ஏற்பாடு. நல்ல கேத்தலில் இரண்டு காவல் உண்டு. தண்ணீர் கொதித்ததும் நீராவி ஒரு சிறிய உலோகத் தகட்டைச் சூடாக்க, அது வளைந்து ஸ்விட்சை நிறுத்தும். மற்றது, தண்ணீரே இல்லாமல் போட்டுவிட்டால் கரண்டை வெட்டும். மூடியைத் திறந்து வைத்தால் நீராவி அந்தத் தகட்டுக்குப் போகாது, கேத்தல் நிற்காமல் கொதிக்கும். "நிற்குதில்லை" என்று திரும்பி வரும் கேத்தல்களில் பல, மூடி சரியாகப் பூட்டாதவைதான். ஆகவே வாங்கும்போதே மூடியைப் பல தடவை திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே கை விட்டுக் கழுவ முடியுமா என்றும் பாருங்கள்.

புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் இது மிக முக்கியம். வெள்ளைப் படிவு படிந்தால் தண்ணீர் கொதிக்க நேரம் எடுக்கும், அடிப்பாகமும் சூடேறிக் கெடும். சுருள் வெளியே தெரியாத, தட்டையான அடி உள்ளதே இந்த ஊர்களுக்குப் பொருத்தம். தேசிக்காய்ச் சாறு கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்து, சற்று நேரம் விட்டுக் கழுவினால் படிவு கரையும். பாலும் நூடில்ஸும் கேத்தலில் வேண்டாம், அடிப்பிடித்துப் பொருளையே கெடுத்துவிடும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வெளிப்பக்கம் அதிகம் சுடாத இரட்டைச் சுவர்க் கேத்தல் நல்லது. வயர் மேசை விளிம்பில் தொங்கவும் விடக் கூடாது.

கடைசியாக, எம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு. மின்கேத்தல் விற்கும்போது "வீட்டில் எந்தப் பொயின்ட் இருக்கிறது?" என்று கேட்க அரை நிமிடமும் எடுக்காது. 5 அம்பியர் என்று பதில் வந்தால், அடெப்டரையும் சேர்த்து விற்று இன்னும் கொஞ்சம் லாபம் பார்க்க மனம் வரும். அந்த இடத்தில் அடெப்டரை மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, "முதலில் பொயின்டை மாற்றிவிட்டு வாருங்கள்" என்று சொல்ல வேண்டும். சிலர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அந்த நட்டம் சிறியது. எனது அனுபவத்தில், அப்படிச் சொல்லி அனுப்பியவர்களில் பலர் பொயின்டை மாற்றிவிட்டு என்னிடமே வந்திருக்கிறார்கள்.

பற்றுச்சீட்டையும் கேட்காமலேயே கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் அதைக் கொடுப்பது எமது கடமை. உத்தரவாதக் காலத்தையும் விற்ற திகதியையும் அதில் தெளிவாக எழுதிவிட்டால், பின்னர் இரு தரப்புக்கும் வாக்குவாதம் இல்லை.