பிடி மாறும் செல்கள்

நம் உடலின் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால்தான் திசு திசுவாக நிற்கிறது. பக்கத்துச் செல்லைப் பிடிக்கும் கை, கேட்ஹெரின் என்ற புரதம். ஜப்பானிய உயிரியலாளர் மசதோஷி டக்கெய்ச்சி கண்டறிந்த இந்தக் கை, கால்சியம் இருக்கும்வரைதான் பிடி தளராது. காலடியில் விரிந்திருக்கும் புரத வலையைப் பற்றுவது இன்னொரு கை, இன்டெக்ரின். ஆல்பா, பீட்டா என்ற இரு துண்டுகள் இணைந்து உருவாகும் இது மனித உடலில் 24 வகை.

இன்டெக்ரின் வெறும் கொக்கி அல்ல. 'தரை காலில் படுகிறது, உயிரோடு இரு' என்று செல்லின் உள்ளே சேதி சொல்வதும் அதுதான். தரையை இழந்த நல்ல செல் தானே மடிந்துவிடும். புற்றுநோய் மீறுவது இந்த ஒழுங்கைத்தான்.

புராஸ்டேட் புற்றுநோயில் இதைப் பார்க்கலாம். சிறுநீர்ப்பைக்குக் கீழே, அக்ரூட் கொட்டை அளவில் இருக்கிறது புராஸ்டேட் சுரப்பி. அதன் நுண்குழாய்களில் நீர் சுரக்கும் செல்கள் உள்வரிசை. அவற்றுக்கு அடியில் அடித்தளச் செல்கள். அடித்தளச் செல்களை லாமினின் என்னும் தரைப்புரதத்தோடு இறுக்கிக் கட்டுவது ஆல்பா6பீட்டா4 இன்டெக்ரின். புற்று முற்றும்போது அடித்தளச் செல்கள் மறைகின்றன. பீட்டா4 இல்லாமல் போகிறது. ஆல்பா6 அழிவதில்லை, பீட்டா1-உடன் ஜோடி சேர்கிறது. கட்டிப்போட்ட கை, ஊர்ந்து போக உதவும் கையாகிறது. தீவிரமான கட்டிகளில் ஈ-கேட்ஹெரின் என்ற கேட்ஹெரின் வகையும் பெரும்பாலும் குறைந்துவிடுவதால், அண்டைச் செல்லின் பிடியும் தளர்கிறது.

இப்படிக் கழன்ற செல்கள் அதிகம் போய்ச் சேர்வது எலும்புக்கு, குறிப்பாக முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும். எலும்பு நிறைய முதல்வகைக் கொலாஜன். ஆல்பா2பீட்டா1 இன்டெக்ரின் அதைப் பற்றிக்கொள்ளும். பரவும் புற்று வேரூன்ற ஏற்ற மண் வேண்டும் என்று 1889-இலேயே எழுதினார் ஆங்கிலேய மருத்துவர் ஸ்டீபன் பேஜெட்.

பிடி தளர்ந்த கதையை நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். குழாய் வடிவம் எவ்வளவு குலைந்திருக்கிறது என்பதைக் கொண்டே டொனால்ட் கிளீசன் 1966-இல் இந்த நோய்க்குத் தர எண் வகுத்தார். இன்றும் நோயாளியின் அறிக்கையில் அவர் பெயர் இருக்கிறது.

அப்படியானால் இந்தக் கைகளை மருந்தால் தடுத்துவிடலாமே? அது எளிதல்ல. ரத்தம் உறையத் தட்டணுக்கள் திரள்வதும், வெள்ளணுக்கள் கிருமியைத் தேடிப் போவதும் இன்டெக்ரின்களால்தான். நோயின் பிடியை மட்டும் தளர்த்தி, உடலின் பிடியைக் காப்பாற்ற வேண்டும். ஆய்வாளர்களின் உழைப்பெல்லாம் அந்த வேறுபாட்டைத் தேடித்தான்.