வீட்டிலா, சானடோரியத்திலா?
க்ஷயரோகத்துக்குச் சென்னையில் கிடைத்த பதில்

இருமல் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கஷாயம் குடித்துப் பார்த்தாயிற்று. கோவிலில் வேண்டிக்கொண்டாயிற்று. சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரியானால் வேர்வை. ஒரு நாள் காலையில் துப்பிய சளியில் ரத்தம் தெரிகிறது.

கூலி வேலைக்குப் போகிறவர். வீடு என்பது ஒரே அறை. அதில் மனைவி, மூன்று குழந்தைகள், வயதான தாயார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுக்கிறார்கள். "க்ஷயரோகம்" என்கிறார் டாக்டர். "சானடோரியத்தில் சேர வேண்டும். ஒரு வருஷமாவது ஆகும்."

ஒரு வருஷம்! அதுவரை அடுப்பு எப்படி எரியும்? சரி, வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றால், பக்கத்தில் படுக்கும் குழந்தைக்கு நோய் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?

1950-களில் சென்னையில் எத்தனையோ குடும்பங்கள் இப்படித் தவித்தன. அவர்களுக்கு நிச்சயமான பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. டாக்டர்களிடம் அபிப்பிராயம் இருந்தது, ஆதாரம் இல்லை. வீட்டு வைத்தியத்தையும் சானடோரிய வைத்தியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முறையாக ஒப்பிட்டுப் பார்த்தவர் அநேகமாக இல்லை.

அந்தக் காரியம் சென்னையில் நடந்தது. அதன் முடிவு உலகம் முழுவதும் க்ஷயரோக வைத்தியத்தின் போக்கையே திருப்பிவிட்டது.

காற்று, பால், முட்டை

க்ஷயரோகத்துக்குக் காரணம் ஒரு கிருமி என்று 1882-ம் வருஷம் ஜெர்மன் டாக்டர் ராபர்ட் கோக் கண்டுபிடித்தார். ஆனால் கிருமி இன்னது என்று தெரிந்த பிறகும், அதைக் கொல்லும் மருந்து கிடைக்க அறுபது வருஷம் பிடித்தது. அதுவரை என்ன செய்வது? நல்ல காற்று, பூரண ஓய்வு, சத்துள்ள ஆகாரம். இவை மூன்றும் சேர்ந்த இடம்தான் சானடோரியம்.

சென்னைக்கு அருகே தாம்பரத்தில் 1928-ம் வருஷம் டாக்டர் சவுரி முத்து ஒரு சானடோரியம் தொடங்கினார். ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே அமைந்த இடம். பிறகு அதை அரசாங்கம் எடுத்துக்கொண்டது.

சானடோரியத்தில் இடம் கிடைத்தவர் பாக்கியசாலி. இந்தியாவில் நோயாளிகளின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் இருந்தது. படுக்கைகளோ சில பத்தாயிரம்தான். இடம் கிடைக்கும் என்று காத்திருந்தே கண்ணை மூடியவர்கள் பலர்.

இதற்கிடையே மருந்துகள் வந்தன. 1943-ல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின் 'பாஸ்' என்ற மருந்து வந்தது. 1952-ல் ஐசோனியசிட் வந்தது. ஐசோனியசிட் விலை மலிவு, ஊசி வேண்டாம், விழுங்கினால் போதும். விழுங்குகிற மருந்தென்றால் வீட்டிலேயே விழுங்கலாமே! இந்த எண்ணம் எழுந்தது இயற்கைதான். ஆனால் ஓய்வும் ஊட்டமான சாப்பாடும் இல்லாத ஏழை வீட்டில் அந்த மருந்து வேலை செய்யுமா? அதுதான் சந்தேகம்.

சேத்துப்பட்டில் ஒரு நிலையம்

1956-ம் வருஷம் சென்னை சேத்துப்பட்டில் க்ஷயரோக மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து அதை ஏற்படுத்தின. அதை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர்.

சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிட்டும் பாஸும். எல்லாருக்கும் ஒரே கால அளவு: ஒரு வருஷம். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். ஒரு பகுதியினர் சானடோரியத்தில் படுத்திருப்பார்கள். மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே இருப்பார்கள்.

யார் எங்கே என்று தீர்மானிப்பது யார்? இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும்.

டாக்டர் தீர்மானிக்கலாமே என்று தோன்றும். ஆனால் டாக்டரும் மனிதர்தானே! மிகவும் மெலிந்தவரைப் பார்த்தால் பரிதாபப்பட்டு சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார். கொஞ்சம் தெம்பாக இருப்பவரை வீட்டுக்கு அனுப்புவார். கடைசியில் கணக்குப் பார்த்தால் வீட்டில் இருந்தவர்கள் நன்றாகக் குணமடைந்திருப்பார்கள். அது வீட்டு வைத்தியத்தின் பலனா, முதலிலேயே அவர்களுக்கு நோய் குறைவாக இருந்ததா? சொல்ல முடியாது. நோயாளியே தேர்ந்தெடுத்துக்கொண்டாலும் இதே சிக்கல்தான்.

ஆகவே, கோவிலில் திருவுளச் சீட்டுப் போடுவதைப் போல, யார் கையிலும் விடாமல் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் பலசாலிகளும் பலவீனர்களும் ஏறத்தாழச் சமமாகக் கலந்துவிடுவார்கள். அப்புறம் தெரிகிற வித்தியாசம் இடத்தினால் வந்த வித்தியாசம்தான்.

இந்த முறையை இங்கிலாந்தில் ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்தபோதே கையாண்டிருந்தார்கள். அந்தச் சோதனையின் முடிவு 1948-ல் வெளிவந்தது. அங்கே கேள்வி, மருந்து நல்லதா என்பது. சென்னையில் கேட்ட கேள்வி வேறு: ஏழை தன் குடும்பத்தை விட்டுப் பிரிந்துதான் ஆக வேண்டுமா? நம் அபிப்பிராயத்தில் இரண்டாவது கேள்விதான் கடினமானது. மருந்தைச் சோதிக்க ஆஸ்பத்திரிக்குள் நின்றால் போதும். இதற்கோ ஜனங்களின் வீட்டு வாசற்படி ஏற வேண்டும்.

மாத்திரை எண்ண வந்தவர்கள்

ஏறத்தான் செய்தார்கள். வீட்டில் இருந்த நோயாளிகள் வாரம் ஒரு முறை நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போக வேண்டும். நிலையத்துச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். சில நாள் சொல்லாமலே போய் நிற்பார்கள். மருந்து டப்பாவை வாங்கி எண்ணிப் பார்ப்பார்கள். சிறுநீரையும் வாங்கிச் சோதிப்பார்கள். பாஸ் சாப்பிட்டவருடைய சிறுநீரில் ஒரு ரசாயனத்தை விட்டால் நிறம் மாறும். சாப்பிடாதவருடையது மாறாது.

இத்தனை கெடுபிடி எதற்கு? பாஸ் என்பது லேசான மருந்தல்ல. தினமும் பல கிராம் விழுங்க வேண்டும். மாவுப் பண்டம் போன்ற உறையில் பொடியை அடைத்துக் கொடுத்தார்கள். வயிற்றைப் புரட்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பு தேறியதும், "இனி எதற்கு இந்தச் சனியன்?" என்று யாருக்கும் தோன்றும். அந்த இடத்தில்தான் ஆபத்து. பாதியில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி மறுபடி தலைதூக்கும். சில சமயம் அந்த மருந்துக்கே அடங்காத கிருமியாகவும் மாறிவிடும்.

இரண்டு பக்கத்து வாழ்க்கையும் ஒன்றல்ல. சானடோரியத்தில் கட்டில், காற்றோட்டம், ஓய்வு, நல்ல சாப்பாடு. வீட்டில் நெருக்கடி, அரை வயிற்றுக் கஞ்சி. உடம்பு கொஞ்சம் தேறியதும் வேலைக்கு ஓட்டம். பழைய காலத்து டாக்டர் யாரைக் கேட்டாலும், "வீட்டில் இருப்பவர் பிழைப்பது கஷ்டம்" என்றுதான் சொல்லியிருப்பார்.

முடிவு வந்தது

1959-ம் வருஷம் ஆராய்ச்சியின் முடிவை உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார்கள்.

ஒரு வருஷ முடிவில், சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில்? நூற்றுக்கு 86 பேருக்கு!

சானடோரியத்தார் அதிக எடை போட்டிருந்தார்கள். நல்ல சாப்பாட்டுக்கு அந்தப் பலன் உண்டு. ஆனால் நோய் அடங்கிய கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. கிருமியை ஒழித்தது கட்டிலும் அல்ல, முட்டையும் அல்ல. ஒழுங்காக உள்ளே போன மருந்துதான்.

வேறொரு விஷயமும் தெரிந்தது. சானடோரியத்தில் சேர்ந்தவர்களில் சிலர், டாக்டர்கள் தடுத்தும் கேளாமல் பாதியிலேயே வெளியேறிவிட்டார்கள். மாதக்கணக்கில் வீட்டையும் குழந்தைகளையும் விட்டிருக்க எல்லாராலும் முடியுமா? காகிதத்தில் போட்ட கணக்குக்கு இது தெரியாது; வீட்டுக்காரிக்குத் தெரியும்.

குழந்தைகள் கதி என்ன?

நோயாளி பிழைத்தது சரி. அவரோடு ஒரே அறையில் இருந்த குழந்தைகள்? முதலில் நாம் கேட்ட கேள்வி அதுதான்.

நிலையத்தார் அதை மறக்கவில்லை. இரண்டு பக்கத்துக் குடும்பத்தாரையும் ஐந்து வருஷம் விடாமல் தொடர்ந்து கவனித்தார்கள். கையில் ஊசி போட்டுக் கிருமி புகுந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். அவ்வப்போது எக்ஸ்-ரே எடுத்தார்கள்.

இரண்டு பக்கத்திலும் சிலருக்கு நோய் வரத்தான் செய்தது. ஆனால் நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களில் அது அதிகமாக இல்லை. அப்பாவைச் சானடோரியத்துக்கு அனுப்பிவிட்ட வீட்டுக் குழந்தைக்கு, அதனால் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைத்துவிடவில்லை.

அது எப்படி? கெடுதல் பெரும்பாலும் முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகிறது. நோய் இன்னதென்று தெரியாமல் மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தாரே, அப்போதுதான் வீட்டாருக்குக் கிருமி பரவுகிறது. மருந்து ஆரம்பித்த பிறகு சளியில் கிருமி வேகமாகக் குறைகிறது. அதற்குப் பிறகு அவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைப்பதில் குடும்பத்துக்கு லாபம் சொற்பம். வீட்டைக் காப்பாற்றுவது பிரிவு அல்ல. சீக்கிரம் கண்டுபிடிப்பதும், உடனே மருந்து தொடங்குவதும்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று இன்றைக்குச் சொல்வது இதனால்தான்.

அதற்குப் பிறகு

1962-ல் இந்தியாவில் தேசிய க்ஷயரோகத் திட்டம் வந்தபோது, வீட்டிலிருந்தே வைத்தியம் என்பதுதான் அதன் அடிப்படை. மற்ற நாடுகளும் அதே வழிக்கு வந்தன. பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன; சில வேறு ஆஸ்பத்திரிகளாயின.

சேத்துப்பட்டு நிலையத்தார் இதோடு நிற்கவில்லை. வீட்டில் மருந்து கொடுத்தால் விழுங்குகிறாரா, ஜன்னல் வழியே எறிகிறாரா என்ற கவலை அவர்களை விடவில்லை. தினமும் கொடுப்பதற்குப் பதில், வாரம் இரண்டு நாள் வரவழைத்துக் கண்ணெதிரே மருந்து கொடுத்தால் என்ன? அதையும் சோதித்தார்கள். பலன் நன்றாகவே இருந்தது. 1964-ல் அந்த முடிவு வெளிவந்தது. பிற்பாடு உலகெங்கும் பரவிய, ஒருவர் பார்த்திருக்க மருந்து விழுங்கும் முறைக்கு அது ஒரு வேர்.

இப்போது மருந்துகள் மேலும் வீரியமானவை. சாதாரண க்ஷயரோகத்துக்கு ஆறு மாதம் போதும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. இருந்தும் உலகத்து க்ஷயரோகிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். மருந்துக்கு அடங்காத கிருமி ஒரு பக்கம். "ஊரார் என்ன சொல்வார்களோ" என்று நோயை மறைக்கிற பழக்கம் இன்னொரு பக்கம். மறைக்கிற வீட்டில்தான் குழந்தைக்கு அதிக ஆபத்து என்பதை 193 பேரின் குடும்பங்கள் என்றைக்கோ காட்டிவிட்டன.

ஐந்து வருஷத்துக்கு என்று ஆரம்பித்த சேத்துப்பட்டு நிலையம் மூடப்படவில்லை. 2011 முதல் அதற்குத் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். தாம்பரத்தில் டாக்டர் சவுரி முத்து தொடங்கிய இடமும் நெஞ்சு நோய்களுக்கான அரசாங்க ஆஸ்பத்திரியாக நடந்து வருகிறது. அதன் பக்கத்து ரயில் நிலையத்துக்குப் பழைய பெயர் மாறவில்லை. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயில், தாம்பரத்துக்கு முன்னால் 'தாம்பரம் சானடோரியம்' என்ற பலகையின் கீழ் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போகிறது.