மற்றொரு கணினிக்கு ஒரு பட்டறை

உங்கள் கணினியில் விண்டோஸ் இயங்குதளம் உள்ளது. அதில் நீங்கள் விரும்பி விளையாடும் ஒரு விளையாட்டை, லினக்ஸ் இயங்குதளம் கொண்ட நண்பரின் கணினிக்கு நகல் எடுத்துக் கொடுக்கிறீர்கள். கோப்பு குறைவின்றிப் போய்ச் சேர்கிறது. ஆனால், அதைச் சொடுக்கினால் விளையாட்டு தொடங்குவதில்லை. இரண்டு கணினிகளிலும் ஒரே வகை நுண்செயலி இருந்தாலும் இதே நிலைதான். ஏன் இப்படி?

நிரலாளர்கள் மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய மொழியில் நிரல் எழுதுகிறார்கள். அதை நுண்செயலிக்குரிய கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளே தொகுப்பி. கம்பைலர் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பதும் இதுதான். ஆயினும், கட்டளைகள் மட்டும் இருந்தால் போதாது. அவற்றை இயங்குதளம் அறிந்த வடிவில் ஒரு கோப்பாகக் கட்டித் தர வேண்டும். விண்டோஸ் நிரல் கோப்பு ‘எம்’, ‘இசட்’ என்ற இரண்டு எழுத்துகளுடன் தொடங்கும். மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளருடைய பெயரின் முதலெழுத்துகள் அவை. லினக்ஸ் கோப்பின் தொடக்கத்திலோ ‘இ’, ‘எல்’, ‘எஃப்’ என்ற எழுத்துகள் இருக்கும். மேலும், திரையில் ஒரு படத்தைக் காட்டவும் ஒரு கோப்பைத் திறக்கவும் நிரல் இயங்குதளத்தின் உதவியைக் கேட்க வேண்டும். கேட்கும் முறை ஒவ்வோர் இயங்குதளத்திலும் வேறுபடும்.

அப்படியானால், லினக்ஸ் கணினியின் முன் அமர்ந்துகொண்டு விண்டோஸ் கணினிக்கான நிரலை உருவாக்க முடியாதா? முடியும். அதற்கு உதவுவது குறுக்குத் தொகுப்பி. ‘குறுக்கு’ என்றதும் குறுக்குவழி என்று எண்ணிவிடாதீர்கள். உண்மையில் இது சற்றே நீண்ட வழி! வி.எல்.சி. என்ற காணொளி இயக்கியை உங்களுள் பலர் பயன்படுத்தியிருப்பீர்கள். போக்குவரத்துக் கூம்பைச் சின்னமாகக் கொண்ட அந்த மென்பொருள், பாரிஸ் நகரப் பொறியியல் மாணவர்கள் 1996இல் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தது. அதன் விண்டோஸ் பதிப்பு இன்று லினக்ஸ் கணினிகளில்தான் தொகுக்கப்படுகிறது.

ஒரு கணினியில் செய்து மற்றொரு கணினியில் இயக்கும் முறை புதியதன்று. 1975ஆம் ஆண்டு ஜனவரியில், ஆல்டேர் 8800 என்ற சிறு கணினியைப் பற்றி அமெரிக்க இதழ் ஒன்று அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. அதைப் படித்த பால் ஆலனும் பில் கேட்ஸும், அந்தக் கணினிக்கு ஏற்ற ‘பேசிக்’ மொழி தங்களிடம் இருப்பதாக அதைத் தயாரித்த நிறுவனத்திடம் கூறினர். உண்மையில், அப்போது அவர்கள் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அவர்களிடம் ஆல்டேர் கணினியும் இல்லை. ஆகவே, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த பி.டி.பி-10 என்ற பெரிய கணினியில் வேலையைத் தொடங்கினர். ஆல்டேரின் நுண்செயலியான இன்டெல் 8080 எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அந்தப் பெரிய கணினி நடித்துக் காட்டுவதற்காக ஆலன் ஒரு நிரல் எழுதினார். இதைப் பாவிப்பி எனலாம். அதன்மேல் பேசிக் மொழியைக் கேட்ஸும் நண்பர்களும் உருவாக்கினர்.

பிறகு, துளையிட்ட காகித நாடாவில் நிரலைப் பதிந்துகொண்டு, ஆலன் மட்டும் அல்புகர்க்கி நகருக்கு விமானம் ஏறினார். நாடாவைப் படித்து நினைவகத்தில் ஏற்றுவதற்கான சிறு நிரலை எழுத மறந்துவிட்டது பயணத்தின்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. விமானத்திலேயே தாளில் அதை எழுதி முடித்தார். இன்டெல் கையேட்டில் ஓரிடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும் எல்லா உழைப்பும் வீணாகியிருக்கும். நிரல் ஏறியதும், 2+2 எவ்வளவு என்று கேட்டார். 4 என்ற விடை வந்தது.

இன்று நிலைமை எளிதாகிவிட்டதா? கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வேலையின் தன்மை மாறவில்லை. தொகுப்பி தனித்து இயங்குவதில்லை. அது தரும் கட்டளைகளை இயந்திர எண்களாக்க ஒரு கருவி வேண்டும். துண்டு துண்டாக உள்ள பகுதிகளை இணைத்து ஒரே கோப்பாக்க ‘இணைப்பி’ வேண்டும். எழுத்துகளை அச்சிடுதல், நினைவகம் பெறுதல் போன்ற அன்றாட வேலைகளுக்குரிய நிரல் நூலகமும் வேண்டும். இவை ஒன்றையொன்று பற்றி நிற்பதால் கருவித்தொடர் என்கிறார்கள். பல பட்டறைப் பொருள்கள் கூடிய ஒரு பட்டறை என்றும் நினைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பட்டறையை அமைக்கும்போது ஒரு விந்தையான சிக்கல் எழுகிறது. முழுமையான தொகுப்பியை உருவாக்க நூலகம் தேவை. நூலகமும் ஒரு நிரல்தானே? அதைத் தொகுக்கத் தொகுப்பி தேவை. கோழி முந்தியா, முட்டை முந்தியா என்ற கதைதான்! இதற்குக் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. முதலில், நூலகத்தை நம்பாத ஓர் அரைகுறைத் தொகுப்பியை உருவாக்குகிறார்கள். வேறெதற்கும் பெரிதாக உதவாத அது, நூலகத்தைத் தொகுப்பதற்கு மட்டும் போதும். நூலகம் தயாரானதும், அதனை வைத்து முழுமையான தொகுப்பியைக் கட்டி முடிக்கிறார்கள். விண்டோசுக்குரிய நூலகத்தை, வாயில் எளிதில் நுழையாத பெயர் கொண்ட மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 என்ற திட்டம் வழங்குகிறது.

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. பட்டறை இருப்பது லினக்ஸில். கவனக்குறைவாக இருந்தால், தொகுப்பி விண்டோசின் விவரங்களுக்குப் பதிலாகப் பக்கத்தில் கிடக்கும் லினக்ஸின் விவரங்களை எடுத்துக்கொள்ளும். சி மொழியில் ‘லாங்’ என்றொரு எண் வகை உண்டு. 64 பிட் லினக்ஸில் அது 8 பைட். 64 பிட் விண்டோசில் 4 பைட் மட்டுமே. நான்கு பைட் ‘லாங்’ வகையில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 2,147,483,647. அதற்கு மேற்பட்ட எண்ணை அங்கே வைத்தால், எதிர்மறை எண்ணாகக்கூட மாறிப்போகலாம். தொகுக்கும்போதே பிழைச்செய்தி வந்தால் நல்ல காலம். எந்தச் செய்தியும் வராமல், கோப்பு உருவாகி, பயனரின் கையில் போய்த் தவறான விடை தந்தால்தான் தொல்லை. அதனால், மறு இயங்குதளத்திற்குரிய கோப்புகள் அனைத்தையும் தனிக் கோப்புறையில் வைத்து, ‘இங்கு மட்டும் தேடு’ என்று தொகுப்பிக்குக் கட்டளையிடுகிறார்கள்.

மற்றொரு தடையும் உண்டு. சில மென்பொருள்கள், தொகுக்கப்படுவதற்கு முன் சிறு சோதனை நிரல்களை உருவாக்கி இயக்கிப் பார்த்து, கணினியின் இயல்புகளை அறிந்துகொள்ளும். குறுக்குத் தொகுப்பில் இது பலிக்காது. உருவாகும் சோதனை நிரல் விண்டோசுக்குரியது, இயக்க வேண்டிய இடமோ லினக்ஸ். ஆகவே, அந்த விடைகளை மனிதரே முன்கூட்டி எழுதித் தர வேண்டியிருக்கும்.

முடிவில் கிடைத்த கோப்பை எப்படிச் சோதிப்பது? விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்க உதவும் ‘வைன்’ என்ற மென்பொருள் 1993 முதல் வளர்ந்து வருகிறது. பெரும்பாலான பிழைகளை அதிலேயே கண்டுபிடித்துவிடலாம். எனினும், வைனும் விண்டோஸும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஆதலால், கடைசியில் கோப்பை ஓர் உண்மையான விண்டோஸ் கணினிக்கு எடுத்துச் சென்று, அங்கே இயக்கிப் பார்க்கிறார்கள். ஆலன் விமானம் ஏறியதும் இதற்காகத்தான்.