வான்கோவின் சுவர் என்ன நிறம்?

1888 அக்டோபரில் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், தன் படுக்கையறை ஓவியத்துக்கு வின்சென்ட் வான்கோ ஒரு வண்ணப் பட்டியலே போட்டார். சுவர் வெளிர் ஊதா. தரை சிவப்பு ஓடு. கட்டிலும் நாற்காலிகளும் புது வெண்ணெயின் மஞ்சள். விரிப்பும் தலையணையும் எலுமிச்சைப் பச்சை, போர்வை செக்கச்சிவப்பு, ஜன்னல் பச்சை, மேசை ஆரஞ்சு, முகம் கழுவும் கிண்ணம் நீலம். இத்தனையையும் ஒரே அறையில் கொட்டிவிட்டு, பார்ப்பவரின் மனம் இளைப்பாற வேண்டும் என்பதே தன் எண்ணம் என்கிறார்! இன்றைய இன்டீரியர் டிசைனர் யாராவது கேட்டால் தலையில் கைவைத்துக்கொள்வார்.

தென்பிரான்ஸின் ஆர்ல் நகரில் அவர் வாடகைக்குப் பிடித்த 'மஞ்சள் வீட்டின்' மாடியறை அது. மே மாதமே வீடு கைக்கு வந்தாலும், தட்டுமுட்டுச் சாமான் இல்லாததால் செப்டம்பரில்தான் அங்கே படுக்க முடிந்தது. இரும்புக் கட்டில் வேண்டாம் என்று அகலமான மரக்கட்டிலாகப் பார்த்து வாங்கினார். கண்ணில் பட்டதுமே உறுதியும் அமைதியும் தெரிய வேண்டுமாம். படத்தில் பின்சுவர் கோணலாக இருப்பதை ஓவியரின் மனக்கோணலாகப் படித்தவர்கள் உண்டு. உண்மையில் அறையே கோணல்தான். அந்த மூலையைக் கட்டியவர்கள் சதுரமாகக் கட்டவில்லை.

நண்பர் பால் காகின் அக்டோபர் 23-ல் வந்து சேர்ந்தார். சரியாக இரண்டு மாதம். டிசம்பர் 23 இரவு இருவருக்கும் இடையே தகராறு முற்றி, வான்கோ தன் காதையே அறுத்துக்கொண்டார். மருத்துவமனையிலிருந்து திரும்பியவருக்கு, இளைப்பாறுதலுக்கென்று தீட்டிக்காட்டிய அதே அறையில் தூக்கம் பிடிக்கவில்லை. தலையணையிலும் மெத்தையிலும் கற்பூரத்தை அள்ளிப்போட்டுப் படுப்பதாக 1889 ஜனவரியில் தியோவுக்கு எழுதினார். கற்பூரத்தைப் பல நோய்களுக்கும் மருந்தாகச் சொன்னவர் ரஸ்பாய் என்ற பிரெஞ்சுக்காரர். அவருடைய ஆரோக்கியக் கையேடு, வான்கோ அப்போது வரைந்த வெங்காயத் தட்டு ஓவியத்தில் மேசைமேல் கிடக்கிறது.

சுவரின் நிறத்தில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. தியோவுக்கான அந்த அக்டோபர் கடிதத்துக்கு முந்தைய மாதம் வில் என்ற தங்கைக்கு எழுதிய கடிதத்தில், வீட்டின் உட்புறம் முழுக்க வெள்ளையடித்தது என்கிறார் வான்கோ. தம்பிக்கோ வெளிர் ஊதா. இன்று ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகத்தில் தொங்கும் படத்தைப் பார்த்தால் சுவர் நீலம்! ஊதாவில் கலந்திருந்த சிவப்புச் சாயம் ஒளி பட்டுப் பட்டு வெளிறிவிட்டது, நீலம் மட்டும் மிஞ்சியது என்று நிறமிகளைச் சோதித்த ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் படத்தின் முன் நின்று "இந்த நீலம் மனதுக்கு எவ்வளவு இதம்" என்று மெச்சுபவர், ஓவியர் நினைத்தே பார்க்காத ஒரு நிறத்தை மெச்சுகிறார். இதம் கிடைப்பது பொய்யல்ல. ஆனால் அதை நிறத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

இதே படத்தின் இரண்டாவது வடிவம் சிகாகோவில் இருக்கிறது. அங்குள்ள கலை நிறுவனம் 2016-ல் அந்த அறையைக் கட்டில், நாற்காலி சகிதம் அப்படியே உருவாக்கி, ஏர்பிஎன்பி வாடகைத் தளத்தில் இரவுக்கு 10 டாலருக்கு வாடகைக்கு விட்டது. தூங்க மட்டுமா அங்கே போயிருப்பார்கள்?

நிறத்துக்குத் தனிச் சக்தி உண்டு என்ற நம்பிக்கை படுக்கையறையோடு நிற்கவில்லை. 1979-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடற்படைச் சிறையில், அலெக்சாண்டர் ஷாஸ் என்பவரின் யோசனைப்படி ஓர் அறைக்கு இளஞ்சிவப்பு பெயின்ட் அடித்தார்கள். கைதிகளின் முரட்டுத்தனம் அடங்கிவிட்டதாகச் செய்தி பரவியது. சிறையின் இரண்டு அதிகாரிகள் பெயரால் 'பேக்கர்-மில்லர் பிங்க்' என்று அந்த நிறத்துக்குப் பெயரும் கிடைத்தது. பல நாட்டுச் சிறைகள் பெயின்ட் டப்பாவைத் தேடின. பிற்பாடு சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில் இளஞ்சிவப்பு அறையையும் சாதாரண அறையையும் முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, கைதிகளின் ஆத்திரத்தில் வித்தியாசம் ஒன்றும் தென்படவில்லை.

சுவரை விட்டு விளக்கைப் பார்த்தால் கதை வேறு. பார்ப்பதற்கு உதவும் செல்கள் போக, வெளிச்சத்தை உணர்ந்து மூளைக்குப் பகலா இரவா என்று தகவல் அனுப்பும் தனிவகைச் செல்களும் விழித்திரையில் இருப்பதை 2002-ல் டேவிட் பெர்சன் குழு நிறுவியது. நீலம் கலந்த ஒளிக்குத்தான் அவை அதிகம் விழித்துக்கொள்கின்றன. அந்நேரம் தூக்கத்தை ஒழுங்குபடுத்தும் மெலடோனின் சுரப்பு குறைகிறது. இங்கே நிறம் ரசனையைச் சேர்ந்ததல்ல, உடம்பைச் சேர்ந்தது.

நம் வீடுகளில் ராத்திரி முழுக்க எரியும் நீல நிற ஜீரோ வாட்ஸ் பல்பு மங்கலானது என்பதால் பெரிய பாதகமில்லை. பத்து மணிவரை தலைக்குமேல் பளீரென்று எரியும் வெள்ளை டியூப் லைட்தான் வில்லன். லேவண்டரா, பிஸ்தா பச்சையா என்று வீடே கூடிப் பெயின்ட் கடை அட்டையைப் புரட்டுகிறது. பல்பையோ யாராவது ஒருவர் போகிற வழியில் இறங்கி வாங்கி வருகிறார். பல்பு அட்டையில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் அது பகல்வெள்ளை. தேர்ந்தெடுத்த கிரீம் சுவரையும் நீலம் பாய்ந்த வெள்ளையாகக் காட்டிவிடும். 2700 என்றால் மஞ்சள் கலந்த வெளிச்சம். 'வார்ம் ஒயிட்' என்று பெயர் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவார்.