இடிபாட்டில் எழுந்த எழில்

அன்றாடம் எத்தனையோ அற்புதங்களைத் தாண்டிப் போகிறோம் நாம். ரயில் ஓர் ஆற்றைக் கடக்கிறது. பாலத்தின் மேல் சக்கரங்களின் ஓசை மாறுகிறது. ஆனாலும் நம் தலை நிமிர்வதில்லை. கீழே ஓடும் அந்தத் தண்ணீர்தான் மலைகளைக் கரைத்துச் சமவெளிகளைப் படைத்தது என்பது நம் நினைவுக்கு வருவதேயில்லை.

அந்த மறதியைக் கலைக்கவென்றே அமைந்ததுபோல் ஒரு ரயில் பாதை, ஸ்விட்சர்லாந்தின் கிழக்குப் பகுதியில், கிராபுண்டன் மாநிலத்தில் இருக்கிறது. இலான்ஸ் என்ற சிற்றூரை விட்டுச் சிவப்பு நிற வண்டி புறப்பட்ட சிறிது நேரத்தில் இருபுறமும் வெண்ணிறப் பாறைச் சுவர்கள் எழத் தொடங்குகின்றன. அவை உயர்ந்து, நெருங்கி, வானத்தை ஒரு நீலக் கீற்றாகக் குறுக்கிவிடுகின்றன. அடியில் பச்சையும் பாலும் கலந்த நிறத்தில் இளம் ரைன் நதி வளைந்து வளைந்து ஓடுகிறது. அது வளையும் இடத்திலெல்லாம் தண்டவாளமும் வளைகிறது. ருயினௌல்டா எனப்படும் இந்த மலையிடுக்கின் ஆழம் சில இடங்களில் 400 மீட்டரை எட்டுகிறது.

கண்ணை நிறைக்கும் இந்த எழில் ஒரு பேரழிவின் பிள்ளை. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் விடைபெற்றபின், ஃப்ளிம்ஸ் என்ற இடத்துக்கு மேலே ஒரு மலையின் பெரும்பகுதி பிளந்து சரிந்தது. பல கன கிலோமீட்டர் சுண்ணாம்புப் பாறை பள்ளத்தாக்கில் வந்து விழுந்து ஆற்றின் வழியை அடைத்தது. ஆல்ப்ஸ் மலைத்தொடர் கண்ட மாபெரும் சரிவுகளுள் அதுவும் ஒன்று. தடைப்பட்ட நீர் பின்னே தேங்கி ஓர் ஏரியாயிற்று. அன்று அதைக் கண்டவர் இருந்திருந்தால், இந்த ஆற்றின் கதை இதோடு முடிந்தது என்றே எண்ணியிருப்பார்.

ஆனால் நீர் மனம் தளர்வதில்லை. தடையின் மேல் வழிந்தது. ஒரு தாழ்வைக் கண்டது. அங்கே அறுக்கத் தொடங்கியது. பெருக்கெடுத்த நாளில் பாறைகளையே புரட்டியது. மெலிந்த நாளில் ஒரு மணல்துகளைப் பெயர்த்தது. அந்தப் பொறுமையின் வடிவமே இன்று நாம் காணும் வெண்சுவர்கள். நொறுங்கிய பாறை மீண்டும் இறுகி, மழையிலும் காற்றிலும் செதுக்கப்பட்டு, தூண்களாகவும் கோபுரங்களாகவும் நிற்கிறது. தோமா என்னும் சின்னஞ்சிறு மலையேரியில் பிறந்த இந்த நீர், ரைக்கெனாவில் தன் மற்றொரு கிளையோடு சேர்ந்து, 1,200 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து வடகடலை அடைகிறது. இங்கே பெயர்ந்த மணலும் அதோடு கீழ்நோக்கிப் போகிறது. ஒரு மலையின் வீழ்ச்சி கீழுள்ள சமவெளிக்கு மண்ணாகிறது. இந்தக் கணக்கை எழுதியவனின் கையை என்னவென்று வணங்குவது!

நம் பார்வை இப்போது சுவர்களின் உச்சியிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கட்டும். அங்கே கிடக்கும் கூழாங்கல் திட்டுகளில் பட்டாணி உப்புக்கொத்தி என்ற சிறு பறவை வாழ்கிறது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். கழுத்தில் கறுப்புப் பட்டை. எடை ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான். அந்தச் சிற்றுயிர் வசந்தந்தோறும் ஆப்பிரிக்காவிலிருந்து பாலைவனமும் கடலும் கடந்து ஐரோப்பாவின் ஆற்றங்கரைகளுக்கு வருகிறது. கற்களுக்கிடையே சிறு குழி பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடுகிறது. புள்ளிகள் தெளித்த அந்த முட்டைகளைக் கூழாங்கற்களிலிருந்து பிரித்தறிய நம் கண்ணால் ஆவதில்லை. பகை நெருங்கினால் தாயோ தந்தையோ சிறகு ஒடிந்ததுபோல் தரையில் துடித்து, வந்தவனைத் தன்பின்னே இழுத்துக்கொண்டு கூட்டைவிட்டு விலகிப் போகும். இந்த வித்தையை அதற்குக் கற்பித்த பள்ளி எது?

இன்னும் வியப்பு உண்டு. வெள்ளம் வந்து வந்து திட்டுகளைப் புரட்டிப் போடுவதால்தான் அங்கே புதர் மண்டுவதில்லை. கல் வெறுமையாகக் கிடப்பதால்தான் இந்தப் பறவைக்குக் கூடு. பாறையைத் தகர்த்த அதே ஆறு முட்டைக்கு மெத்தை விரிக்கிறது. 400 மீட்டர் சுவரை அறுத்த ஆற்றலும், உள்ளங்கையில் அடங்கும் உயிரைக் காக்கும் பரிவும் இரண்டல்ல, ஒன்றே.

மனிதன் இங்கே ரயிலோடு வந்தது நேற்றைக்கு. இந்த வழியாக இலான்ஸுக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1903இல். தண்டவாளம் போட்டவர்கள் புதிதாக ஒரு வழியைத் தேடவில்லை. ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாக வெட்டி வைத்த வழியில் அதன் ஓரமாகவே போனார்கள். இன்று, பறவைகள் கூடு வைக்கும் காலத்தில், படகில் வருவோர் அந்தத் திட்டுகளில் கால் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். விலகி நின்று வியப்பதும் வழிபாடுதான்.

நம் வாழ்விலும் மலைகள் சரிகின்றன, வழிகள் அடைபடுகின்றன. அன்றே எல்லாம் முடிந்ததென்று சோர்ந்துவிடுகிறோம். ஆனால், உடைந்ததிலிருந்து எழிலைச் செதுக்கும் பொறுமை படைப்பு முழுவதிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. நமக்கு மட்டும் அது மறுக்கப்பட்டிருக்குமா?

பட்டாணி உப்புக்கொத்தி நமக்கும் அயலானதல்ல. இந்திய ஆற்றுப்படுகைகளிலும் கூடு வைக்கும் பறவை அது. ஆகவே, அடுத்த முறை ரயில் பாலத்தின் மேல் ஏறும்போது தலை நிமிர்ந்து பாருங்கள். வற்றிக் கிடக்கும் ஆற்றில் இறங்கும்போது, கால் வைக்குமுன் குனிந்து பாருங்கள். வெறும் கல்லும் மணலும் என்று நாம் நினைக்கும் இடத்தில் ஓர் உயிர் தன் குலத்தை அடைகாத்துக்கொண்டிருக்கலாம். அதை மிதிக்காமல் நடக்க நம் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்போம்.